வடக்கே சாயும்போது மட்டும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறைத்தோழிக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே, இரண்டு மூன்றில் பிரித்துப் போடு. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டுக் கிழி.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் இருமல் போயிற்றா? மலைமேல் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றாயே, அது பழகிவிட்டதா?

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. மேசை விளக்கைத் தரையில் இறக்கி வைத்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் பண்ணலாமே என்பாய். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி பேப்பர் படிப்பார். உன் சித்தப்பாவை உனக்குத் தெரியாதா? அதனால் கடிதம்தான். அம்மா வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவாள். என்ன எழுதினாய் என்று கேட்கமாட்டாள். பதிலை அவளுடைய மருந்துக்கடை முகவரிக்கு அனுப்பு.

நீ என்னை உள்ளே கூட்டிப்போய் எட்டு நாள் ஆகிறது. கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. பார்வையாளர் நாள் என்று வந்தவர்கள் எல்லாம் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்த பிறகு என்னை மட்டும் மஞ்சள் கோட்டைத் தாண்டி, இரும்புப் படி ஏற்றி, அந்த நடைபாலத்துக்குக் கூட்டிப்போனாய். தொலைநோக்கி என்றால் நீளமான குழாய் என்றுதான் நினைத்திருந்தேன். அது குழாயே இல்லை. எங்கள் பள்ளிக் கட்டடம் அளவுக்கு ஒரு இரும்பு எலும்புக்கூடு. குனிந்து பார்த்தபோது முதலில் எனக்குக் கண்ணாடி தெரியவேயில்லை. கூரைதான் தெரிந்தது. கூரை எப்படிக் காலுக்குக் கீழே வந்தது என்று ஒரு நொடி தலை சுற்றியது. எட்டு மீட்டர் அகலத்தில் ஒரு பொருள் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கமுடியும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நீ அந்த நானூறு டன்னை ஒரு கையால் தள்ளினாய். அது நகர்ந்தது. எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது என்று ஏதோ சமையலறை விஷயம் மாதிரி சொன்னாய். அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடும் போலிருக்கிறது.

பள்ளியில் இதைப்பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஒரு சந்தேகம். ஏதாவது ஒரு பொருள், ரொம்பச் சின்னப் பொருள், அந்தக் கண்ணாடிப் பக்கம் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? கட்டுரைக்காகத்தான் கேட்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அன்புத் தங்கை,
நண்டு


பிப்ரவரி 21

அன்பு நண்டுக்கு,

கடிதத்தைக் கிழித்து மூன்று தொட்டிகளில் போட்டேன். நான்காவது தொட்டி இந்த மலையிலேயே இல்லை, மன்னித்துவிடு. இருமல் போய்விட்டது. மூச்சு வாங்குவது போகவில்லை. இங்கே பத்து வருடமாக இருப்பவர்களே மாடிப்படியில் நடுவில் நின்று, ஏதோ யோசிக்கிற மாதிரி நடிக்கிறார்கள். தாமதமாக எழுதுகிறேன் என்று கோபப்படாதே. தபால் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் லாரியோடுதான் வந்து போகிறது.

உன் கட்டுரைக்குப் பதில்: எதுவும் விழாது. விழவிட மாட்டோம். நடைபாலத்துக்குப் போகும் கதவருகே தட்டுகள் இருந்தனவே, பார்த்தாயா? சட்டைப்பையில் இருக்கும் ஒவ்வொன்றையும் அதில் எடுத்து வைத்து, எண்ணி, எழுதி, திரும்பும்போது மறுபடி எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும். கையில் கொண்டுபோகும் சாவி, திருப்புளி எல்லாம் மணிக்கட்டில் கயிறு கட்டித்தான் போகும். எங்கள் தலைமைப் பொறியாளர் போட்ட விதி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் திருகாணி. தரையில் ஒரு திருகாணி கிடந்தால் அதைக் கூட்டத்தில் நடுமேசையில் வைத்து, "யாரோடது இது?" என்று கேட்டுவிட்டு, யாராவது வாய் திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

உன்னுடையதையும் எண்ணினேன். கைக்குட்டை ஒன்று, மிட்டாய் இரண்டு, அரைப் பென்சில் ஒன்று. போகும்போது நான்கு, வரும்போது நான்கு. எழுதத்தான் இல்லை. வெளியாள் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது, எழுதினால் மாட்டிக்கொள்வேன். அதனால் நீயும் கட்டுரையில் நடைபாலம் பற்றி எழுதாதே, தாயே.

வாரம் ஒருமுறை கண்ணாடியைச் சுத்தம் செய்கிறோம், அதை எழுது. துணி படக்கூடாது, கை படக்கூடாது. கண்ணாடியைச் சாய்த்து, குழாய் வழியாக உலர்பனியை, அதாவது உறைந்த கரியமில வாயுவை, ஊதினால், பொடி பொடியாகப் போய் விழுந்து தூசியைச் சறுக்கிக்கொண்டு இறங்கும். பார்த்தால் ஒரு மேகம் தன் முகத்தைத் துடைத்துக்கொள்வது மாதிரி இருக்கும். அந்த வேலையில் நிற்க எனக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

இப்போது ஒரு சின்னத் தலைவலி. பத்து நாளாக நட்சத்திரங்களுக்கு எலிவால் முளைத்திருக்கிறது. தொலைநோக்கி நன்றாக வடக்கே சாயும்போது மட்டும், வட்டமாக இருக்கவேண்டிய புள்ளி ஒரு பக்கம் இழுபடுகிறது. கண்ணாடியை அடியிலும் ஓரத்திலும் நூற்றைம்பது தாங்கிகள் பிடித்திருக்கின்றன. அதில் முப்பத்தேழாவது தாங்கியைப் போன மாதம் மாற்றியது நான். தனியாகச் செய்த முதல் வேலை. எல்லோரும் இப்போது முப்பத்தேழை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பிறகு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சரியாகிவிடும்.

சித்தி முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் மலை அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

கட்டுரை எதுவும் இல்லை. பொய் சொன்னேன்.

அன்றைக்கு மலைக்கு வரும் பஸ்ஸிலேயே என் சட்டையின் இரண்டாவது பொத்தான் அறுந்துவிட்டது. பையில் கிடந்த ஊக்கைக் குத்திக்கொண்டு, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டேன். நீ கதவருகே, "பையில இருக்கறதெல்லாம் எடுத்து வை" என்றாய். எடுத்து வைத்தேன். ஊக்கு பையில் இல்லையே. சத்தியமாக எனக்கு அது நினைவே இல்லை.

பாலத்தில் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தபோது சட்டை இழுபட்டது, ஊக்கு திறந்துகொண்டது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பட்ட சத்தம் இல்லை, இரும்பில் பட்ட சத்தம். பிறகு இன்னொன்று, இன்னும் கீழே. நீ அப்போது படிப்பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். ஆனால் நீ திரும்பி, எப்படி இருக்கு என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அங்கிருந்து பஸ் வரை சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். "குளிருதா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

அக்கா, எலிவால் அதனால்தானா? முப்பத்தேழு பாவம் என்று தோன்றுகிறது. சீக்கிரம் எழுது. ராத்திரி வீட்டில் எது விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நண்டு


ஏப்ரல் 4

அன்பு நண்டுக்கு,

நீ எழுதியது கிடைத்தது. கிழித்துவிட்டேன்.

இங்கே பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். என் அறைக்குப் புதுத் திரை போட்டிருக்கிறார்கள், துளி வெளிச்சம் வெளியே போகாது. கண்ணுக்கு எதிரில் நீட்டிய கை தெரியாத இருட்டில் கட்டடத்துக்குக் கட்டடம் நடந்து போகப் பழகிவிட்டேன். சமையற்காரர் மாறியிருக்கிறார். சாப்பாடு பரவாயில்லை.

உனக்குப் பரீட்சை நெருங்குகிறது. நன்றாகத் தூங்கு, நன்றாகப் படி. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் என் அன்பு.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று இந்தமுறை சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். நலமா?

ஒரு மாதம் காத்திருந்தேன். நீ திரைச்சீலை பற்றி எழுதியிருக்கிறாய். ஊக்கு என்ற வார்த்தையே இல்லை. கண்ணாடி என்ற வார்த்தையும் இல்லை. நீ கண்ணாடி பற்றி எழுதாமல் எனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை, அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கடிதத்தில் மூன்று பக்கமும் அதுதான். அம்மா அதைப் படித்துவிட்டு, "இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கற வேலை மிச்சம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா போன் செய்தார். அப்பா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார். உன் ஒரு வருடத் தகுதிகாண் காலம் ஜூன் மாதம் முடிகிறதாம். ஏதோ வேலையில் குறை கண்டிருக்கிறார்களாம், நிரந்தரம் ஆக்குவது சந்தேகம் என்று நீயே சொன்னாயாம். அப்பா உடனே, "பொம்பளப் பிள்ளை மலை உச்சியில ராத்திரி வேலை பார்க்கறது எனக்கு என்னைக்கும் பிடிக்கலண்ணே. தானா இறங்கி வந்தா வரட்டும், விடுங்க" என்றார். பெரியப்பா, சரி வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

அது உன் குறை இல்லையே. என் ஊக்கு. உங்கள் திருகாணி சாரிடம் சொல்லிவிடு. நான் சொன்னதாகச் சொல்.

நண்டு


ஏப்ரல் 26

அன்பு நண்டுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. தூக்கம்தான் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டது.

நீ பெரிய மனுஷி மாதிரி கேட்டதால் பெரிய மனுஷிக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறேன். நீ கேட்ட சத்தம் அதுதான். கண்ணாடியின் விளிம்புக்கும் அதை வைத்திருக்கும் இரும்புத் தொட்டிக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி உண்டு. ஊக்கு அதற்குள் போயிருக்கிறது. வடக்கே சாயும்போது ஓரத்துத் தாங்கிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது, நிமிர்ந்தால் விட்டுவிடுகிறது. உன் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது. எடுக்க வேண்டுமானால் கண்ணாடியைத் தூக்கவேண்டும். மூன்று இரவு வேலை நிற்கும். காரணம் சொல்லாமல் யாரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள்.

காரணம் சொன்னால் என்ன ஆகும்? தாங்கியைச் சரியாகப் பூட்டத் தெரியாதவள் என்றால் ஒரு எச்சரிக்கை, ஒருவேளை இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்கள். எழுதாமல் ஒரு வெளியாளைக் கோட்டைத் தாண்டிக் கூட்டிப்போனவள் என்றால் அடுத்த தண்ணீர் லாரியிலேயே கீழே. அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என்னைப்பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

வடபக்கம் குறிப்பிட்ட கோணத்துக்குமேல் சாய்க்கவேண்டாம் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். வடக்கு வானத்தில் பாதி மூடியாயிற்று. போன வாரம் ஒரு வானியலாளர் வந்தார். பதினான்கு மாதம் காத்திருந்து நான்கு இரவு கிடைத்தது அவருக்கு. நாங்கள் அவரை நாலு ராத்திரி மேடம் என்போம். தூரத்து அண்டங்களின் வடிவம் துளியளவு இழுபட்டிருக்கிறதா என்று அளப்பவர். அவர் தேடியதெல்லாம் வடக்கே. நாங்களே இழுத்துக் காட்டினால் அவர் எதை அளப்பது? நான்காம் நாள் காலை சாப்பாட்டு அறையில் என் எதிரில் உட்கார்ந்து, ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்தார், ஒன்றும் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்து, "உங்க யார் மேலயும் தப்பு இல்லம்மா, மெஷின்னா அப்படித்தான்" என்றார்.

நான் எழுந்து தட்டைக் கழுவினேன்.

அக்கா


மே 4

மதிப்புக்குரிய தலைமைப் பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்குத் தெரியாதவள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். உங்களிடம் கண்ணாடித் தாங்கி வேலை பார்ப்பவர் என் பெரியப்பா மகள்.

பிப்ரவரி முதல் தேதி, பார்வையாளர் நாளில், என் சட்டையில் குத்தியிருந்த ஊக்கு நடைபாலத்திலிருந்து விழுந்துவிட்டது. இரும்பில் இரண்டு முறை பட்ட சத்தம் கேட்டது. பாலத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவது கம்பி, ஏழாவது கம்பி இரண்டுக்கும் நடுவில் நின்றேன். கோட்டைத் தாண்டி வரவேண்டும் என்று கெஞ்சியது நான்தான். அக்கா என் பொருள்களை எண்ணினாள். நான்தான் ஊக்கைச் சொல்லவில்லை. அவளுடைய தாங்கியில் குறை இல்லை. வடக்கு வானத்தைத் திறந்துவிடுங்கள் ஐயா.

என் அப்பாவுக்கு இது தெரியாது. எனக்குத் தண்டனை உண்டென்றால் இந்த உறையில் எழுதியிருக்கும் மருந்துக்கடை முகவரிக்கு அனுப்பவும்.

தங்கள் பணிவுள்ள,
ஒரு மாணவி


மே 7

நண்டு, நண்டு,

சுகமா? நான் ரொம்ப நாளைக்குப் பிறகு சுகம். எட்டு மணி நேரம் தூங்கினேன்!

சொல்லிவிட்டேன். நேற்று திருகாணி சாரின் அறைக்குப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். "சார், கண்ணாடித் தொட்டிக்குள்ள ஒரு ஊக்கு இருக்கு, என்னோடது" என்றேன். என் சட்டையில் குத்தியிருந்தது, சோதனை செய்யக் குனிந்தபோது விழுந்திருக்கவேண்டும், பயத்தில் சொல்லவில்லை என்றேன். உன் பேச்சே வரவில்லை. கோடு, பாலம், வெளியாள் எதுவும் வரவில்லை. எப்படி என் மூளை?

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வாரம் கண்ணாடித் தளத்துக்குப் போகவேண்டாம், அலுவலகத்தில் தபால் பிரிக்கும் வேலை பார் என்றார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான்! இருபதாம் தேதி கண்ணாடியைத் தூக்குகிறார்கள். யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள். நீ இனிமேல் தூங்கலாம். வாயை மட்டும் திறக்காதே.

உன் மலை அக்கா, தற்காலிகத் தபால்காரி


மே 12

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நான் அவருக்கு எழுதிவிட்டேன்.

நான்காம் தேதியே எழுதி, ஐந்தாம் தேதி தபாலில் போட்டாயிற்று. எல்லாம் எழுதிவிட்டேன். மஞ்சள் கோடு, பாலம், எந்தக் கம்பி என்பதுவரை. நீ வேலையைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டாய், நான் அதைக் கெடுத்துவிட்டேன். இப்போது நீ வெளியாளைக் கூட்டிப்போனவள் மட்டும் இல்லை, பொய்யும் சொன்னவள்.

இன்று உன் கடிதம் கிடைத்ததும் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர், "பெட்டியில விழுந்தது அரசாங்கத்தோடதும்மா" என்றார். நான் அழுததைப் பார்த்து, காதல் கடிதமா என்று வேறு கேட்டார்.

நீலநிற உறை. என் கோணல் கையெழுத்து. நீதானே தபால் பிரிக்கிறாய், அதை எடுத்துக் கிழித்துவிடு. மூன்று தொட்டியில் போடு. ஆனால் இந்தக் கடிதம் அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் வந்து சேரும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நண்டு


மே 24

மாணவிக்கு,

நலம். தங்கள் நலம் வேண்டுகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது.

தண்ணீர் லாரி வியாழன் மதியம் வந்தது. தங்கள் நீல உறை என் மேசைக்கு வெள்ளி காலை வந்தது. மற்ற கடிதங்கள் வியாழனே வந்துவிட்டன. அந்த இடைவெளியைப் பற்றி நான் கேட்கவில்லை. தங்கள் அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். உறை பிரிக்கப்படவில்லை. "இது என் தங்கச்சி எழுதினது சார். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதுதான் உண்மையா இருக்கும். நான் சொன்னது பொய்" என்றார். எனக்கு முப்பத்தொரு வருட வேலையில் பலர் பல பொருள்களை மேசையில் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் வைத்ததில்லை.

இருபதாம் தேதி கண்ணாடியைத் தூக்கினோம். தாங்கள் குறித்த இடத்துக்கு நேர் கீழே ஊக்கு இருந்தது. அந்தக் குறிப்பு ஒரு இரவு வேலையை மிச்சப்படுத்தியது. கண்ணாடியில் கீறல் இல்லை. நேற்றிரவு முழு வடக்கும் சாய்த்துப் பார்த்தோம். நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கின்றன. மிச்சமான அந்த இரவையும் என் சோதனை இரவு ஒன்றையும் சேர்த்து, நான்கு இரவுகளை இழந்த வானியலாளருக்குத் தந்திருக்கிறேன்.

முப்பத்தேழாவது தாங்கியை நானே பிரித்துப் பார்த்தேன். நான் பூட்டியிருந்தாலும் இதைவிடச் சரியாகப் பூட்டியிருக்கமாட்டேன்.

பையில் இருப்பதை எடுத்து வைக்கவேண்டும் என்ற விதியைப் பதினாறு வருடம் முன்பு எழுதியது நான். என் சட்டைக்கு இரண்டு பை. பையில் வைக்காமல், சட்டையில் ஊக்கு குத்தி வருகிறவர்களை நான் நினைக்கவில்லை. இப்போது, உடம்பில் உள்ளதைச் சொல்லவும் என்று மாற்றியாயிற்று.

ஆனால் நடந்தது நடந்ததுதான். தங்கள் அக்காவை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்று நிர்வாகம் கருதுகிறது. ஆறு மாதம் கண்ணாடித் தளத்துக்கு வெளியே, தகுதிகாண் காலம் ஒரு வருடம் நீட்டிப்பு என்று நான் பரிந்துரைத்திருக்கிறேன். அவர்கள் அதை ஏற்க, கூட்டிவரப்பட்டவர் உறவுக்காரச் சிறுமி, வேறு நோக்கம் இல்லை என்பதற்குத் தங்கள் வாக்குமூலம் வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன். தாங்கள் சிறுமி என்பதால் தாய், தந்தை இருவரும் கையெழுத்திடவேண்டும். ஜூன் பத்தாம் தேதிக்குள் வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது. தங்கள் தந்தைக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

தலைமைப் பொறியாளர்


மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

சௌகரியமா? தபால் பிரிக்கும் வேலை எப்படி? உன்மேல் கோபப்படவேண்டும் என்று முயற்சி செய்தேன், முடியவில்லை. அந்த வியாழக்கிழமை ராத்திரி நீ அந்த உறையை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன். அவரே கேட்கவில்லையே.

படிவத்தை அம்மாவிடம் காட்டினேன். கடைக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு என் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். ஐந்து நாளாக நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனதுக்குள்.

அப்பா கையெழுத்துப் போட்டால் நீ மலையில் இருப்பாய். போடாவிட்டால் இறங்கி வருவாய். அவருக்கு நீ இறங்கி வரவேண்டும் என்பதுதான் ஆசை. சும்மா இருந்தாலே போதும் அவருக்கு, பத்தாம் தேதி தானாகப் போய்விடும். நேற்றுக்கூடப் பெரியப்பாவிடம், பிள்ளைக்கு ஒரு அறை ஒழித்து வையுங்கள் என்று சொன்னார்.

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இன்றிரவு அவர் வெளியே போயிருந்தபோது படிவத்தையும் பொறியாளர் கடிதத்தையும் அவர் சாப்பிடும் இடத்தில், தண்ணீர்ச் செம்புக்குக் கீழே வைத்தேன். கூடவே நானும் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? நீ நானூறு டன்னை ஒரு கையால் தள்ளியதை எழுதினேன். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேனே, அதை. அப்பாவுக்கு எழுதிய முதல் கடிதம் அக்கா. அன்புள்ள அப்பாவுக்கு என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக அரைமணி நேரம் ஆயிற்று.

அப்புறம் இங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். இந்தமுறை விளக்கு மேசைமேலேயே இருக்கிறது.

அவர் வந்து கால்மணி நேரம் ஆகிறது. செம்பு நகர்ந்த சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு தாள் திரும்பியது. இன்னொரு தாள். பிறகு அதே தாள் மறுபடி திரும்புகிற மாதிரி இருக்கிறது.

இப்போது அம்மாவிடம் ஏதோ கேட்கிறார். குரல் சத்தமாக இல்லை. "அந்தப் பாலம் எவ்வளவு ஒசரம்? இவ எட்டிப் பார்த்தப்போ யாராவது பிடிச்சிட்டிருந்தாங்களா?" என்கிறார். அம்மா, தெரியலையே என்கிறாள். திட்டுவார் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். இதைக் கேட்பார் என்று நான் நினைக்கவேயில்லை.

நாற்காலி நகர்கிறது. எழுந்துவிட்டார். அவருடைய செருப்புச் சத்தம்தான். என் கதவுப் பக்கம் வருகிறது. அக்கா, எழுத்துக் கோணுகிறது, பார்த்துக்கொள். இதை ஒளித்துவைக்க நேரம் இருக்கிறது. ஒளிக்கப்போவதில்லை. நிற்கிறார். அப்பா என் அறைக்குள் வரவேண்டுமென்றால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார், எப்போதும் அப்படித்தான். இப்போது தட்டுகிறார் அக்கா. மெதுவாக. என் பெயரைச் சொல்லி, உள்ளே வரலாமா என்று